மதலேன் தெ ஸ்குதேரி அம்மையார்

பெரிய நூலொன்றைக் கண்டால் அஞ்சுதல் மாணவராகிய நமக்கு இயல்பு. ஆயிரம் பக்கங்கொண்ட நூலை ஆசிரியர் எடுத்துக் காட்டுவாராயின், அதன் சுருக்கம் எங்கே கிடைக்கும் என்பதே நம் முதற் கேள்வியாகின்றது. ஆனால், ஏறத்தாழ 13,000 பக்கங்களில் அமைந்த கதையொன்றை 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மக்கள் ஐந்தாண்டுக் காலம் பகுதி பகுதியாக வாங்கி ஆவலுடன் படித்தனர். அதனை இயற்றியவர் ஒரு பெண்மணி. எனினும் அதன் முகப்பேட்டில் விளங்கிய பெயர் அவருடையதன்று. அவ்வம்மையாரின் வரலாற்றையே ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

மதலேன் தெ ஸ்குதேரி 1607-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டின் வடகரையிலுள்ள லெ ஆவ்ர் என்னும் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தார். குடி உயர்ந்தது, செல்வமோ சிறிது. இளமையிலேயே தாய் தந்தையரை இழந்த அவரை உறவினர் ஒருவர் அன்புடன் வளர்த்தார். எழுத்து, ஓவியம், நடனம், தையல் என்பனவற்றோடு தோட்டத் தொழிலும், மருந்து வகையும், மனையறமும் அவருக்குக் கற்பிக்கப்பட்டன. இத்தாலிய மொழியையும் இசுபானிய மொழியையும் அவர் பயின்றார். அக்காலப் பெண்டிருள் இத்துணைக் கல்வி வாய்க்கப் பெற்றோர் மிகச் சிலரே.

பின்னர்ப் பாரிசு நகரடைந்து, நாடகாசிரியராக விளங்கிய தம் தமையனார் ஜார்ஜுடன் வாழ்ந்தார். அறிஞரும் பெருங்குடிப் பெண்டிரும் குழுமிய ராம்பூயே மாளிகையில் அவருக்கு நல்வரவு கிடைத்தது. 1641-இல் இப்ராஹீம் என்னும் முதற் கதை வெளிவந்தது. உயர்குடிப் பெண்ணொருத்தி நூலெழுதி விலைப்படுத்துதல் தகாதென உலகம் கருதிய காலம் அது. ஆதலின், நூல்கள் தமையனார் பெயரைத் தாங்கியே வெளிப்போந்தன. நண்பர் பலர் உண்மையை அறிந்திருந்தும், அட்டையில் அது ஏறவில்லை.

அவர்தம் பெரும்புகழுக்குக் காரணமாயது, 1649 முதல் 1653 வரை பத்துப் பகுதிகளாக வெளிவந்த ‘அர்த்தமேன் அல்லது மாமன்னன் சைரஸ்’ என்னும் பெருங்கதை. பாரசீக மன்னன் சைரஸ், கவர்ந்து செல்லப்பட்ட மந்தானே என்னும் இளவரசியைத் தேடி ஆசியா முழுவதும் படைநடத்திச் செல்வதே அதன் பொருள். ஆயினும், வழியிற் காண்போர் யாவரும் தத்தம் வரலாற்றைக் கூறத் தொடங்குவர். கதைக்குள் கதை பிறக்கும். ஓரிடத்திற் காதலர் நால்வர் வாதிடுகின்றனர்: பிரிந்திருப்பவன், அன்பு பெறாதவன், ஐயுறுபவன், காதலியைச் சாவிற்கு இழந்தவன் ஆகியோருள் மிகுதுயர் உற்றவன் யாவன் என்பதே வழக்கு. படிப்போரும் தம் மனைகளில் அவ்வழக்கை நடத்தலாம் அன்றோ? பாரசீக உடை தரித்துக் கதையில் உலவுவோர் தம் காலத்துப் பிரெஞ்சுப் பெருமக்களே என்பதையும் அவர்கள் கண்டு மகிழ்ந்தனர். சைரசினிடத்துக் கோந்தே என்னும் படைத்தலைவரின் சாயல் இருந்தது.

பத்தாம் பகுதியிற் கிரேக்கப் பெண்பாற் புலவர் சாபோவின் கதை வருகின்றது. ஆடவும் அணியவும் பல்லாண்டு பயிற்றப்படும் பெண்ணுக்கு அறிவைப் பயன்படுத்தும் முறையை ஏன் ஒருவரும் பயிற்றுவதில்லை என்னும் வினா ஆண்டு எழுப்பப்படுகின்றது. சாபோ என்பது நண்பர் அம்மையாரை அழைத்த பெயருமாகும். முகப்பேட்டில் மறைந்தவர் நூலினுள்ளே தம் குரலைக் கேட்பித்தார் என்றே யாம் கருதுகின்றோம். அவர் இறுதிவரை மணஞ்செய்து கொள்ளவில்லை.

இந்நூல் கடல் கடந்து ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. நாட்குறிப்பினாற் பெயர் பெற்ற சாமுவேல் பீப்ஸ் என்பாரின் மனைவியார், 1666-இல் ஒருநாள் வண்டியிற் செல்லுங்கால் இக்கதைகளை நெடிது சொல்லிக்கொண்டே வந்தார். கணவர் பொறாது இடைமறித்தார். அம்மையார் மனம் வருந்தினார். நூல் அவருக்கு எத்துணை இனிதாயிருந்தது என்பதற்கு அவ்வருத்தமே சான்று.

1654 முதல் 1660 வரை ‘க்ளேலி’ என்னும் உரோமக் கதை, இதுவும் பத்துப் பகுதிகளாக வெளிவந்தது. இதில் அன்பு நாட்டின் படமொன்று உண்டு. புதுநட்பு என்னும் ஊரினின்று புறப்படுவோன் வாய்மை, பெருந்தன்மை முதலிய சிற்றூர்களைக் கடந்து அன்பை அடைவான். அசட்டையும் மறதியும் வழியாகச் செல்வோனோ பராமுகம் என்னும் ஏரியில் வீழ்வான். சனிக்கிழமைதோறும் அம்மையார் இல்லத்திற் கூடிய நண்பர் குழுவின் விளையாட்டினின்றே இப்படம் தோன்றிற்று.

அக்குழுவினருள் அவர்தம் உயிர்நண்பர் பெலிசோன். நிதியமைச்சர் பூக்கே 1661-இல் அரசனது சினத்திற்கு ஆளாகி வீழ்ந்தபோது, அவரிடம் பணிபுரிந்த பெலிசோனும் பாஸ்தீய்ச் சிறையில் அடைபட்டார். வீழ்ந்தவரை விட்டு விலகுதலே அரண்மனை வழக்கம். அம்மையார் விலகினாரல்லர், 1666-இல் நண்பர் விடுதலை பெறும் வரை அவர் பொருட்டு உழைத்தார். அன்பு நாட்டின் படத்தை வரைந்தவர் அதன் வழியே தாமும் நடந்தார்.

இதற்குள் உலகின் சுவை மாறிற்று. 1659-இலேயே மொலியேர் தம் நாடகத்தில், இத்தகைய கதைகளைப் படித்து மயங்கிய பெண்களை நகையாடினார். புவாலோ என்னும் புலவர், பண்டை வீரரெல்லாம் காதற் பேச்சன்றி வேறறியாராய் மறுமையுலகில் நிற்பதாக ஓர் உரையாடல் இயற்றினார். ஆயினும், அம்மையார் வாழ்ந்த காலத்து அதனை அச்சிடாது காத்தார். பகைத்தவரும் அவரை மதித்தனர் என்பது இதனால் விளங்கும். 1671-இல் பிரெஞ்சுக் கழகத்தின் முதற் சொற்றிறப் பரிசு அவருக்கே உரியதாயிற்று; ஆனால் அக்கழகத்தின் உறுப்பினராகும் உரிமை அக்காலத்துப் பெண்டிர்க்கு இல்லை. 1701-ஆம் ஆண்டு சூன் 2-ஆம் நாள், தமது 93-ஆம் வயதிற் பாரிசு நகரில் இறைவனடி சேர்ந்தார்.

இன்று அறிஞர் அந்நூல்களை அவர் பெயராலேயே வழங்குகின்றனர். அப்பெருங்கதையை முற்றக் கற்றோம் என்று கூற எமக்குத் துணிவில்லை. எனினும், சுருக்கங்களையே நாடும் நாம், ஒரு நூலோடு ஐந்தாண்டு உறவாடிய அம்மக்களையும், பெயரை விட்டுக்கொடுத்தும் எழுதுகோலை விட்டுக்கொடாத அவ்வம்மையாரையும் எண்ணிப் பார்த்தல் நன்று. நம் நூலகத்தில் எவரும் தொடாது கிடக்கும் பெருநூல்களுள் ஒன்றையேனும் இவ்வாண்டு இறுதிப்பக்கம் வரை கற்போமாக.