கல்லைக் கற்ற கலைஞானி

ஆனந்த குமாரசுவாமி என்றதும் நடராசர் திருவுருவத்தின் தத்துவத்தை மேலைத்தேயத்தாருக்கு விளக்கிய கலைமேதையே நம் நினைவுக்கு வருகிறார். அவர் முதலில் ஒரு கனிமவியலாளர் என்பதை நாம் ஏறத்தாழ மறந்தே விட்டோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேர்கொண்ட குடும்பத்தைச் சேர்ந்த சேர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலப் பெண்மணியான எலிசபெத் பீபிக்கும் 1877 ஆகஸ்ட் 22 ஆம் திகதி கொழும்பில் அவர் பிறந்தார். இரண்டு வயதிற்குள் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். 1900 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் பட்டம் பெற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் அளவைப் பகுதியின் முதற் பணிப்பாளராக விளங்கினார்.

1904 இல் சப்ரகமுவ ஆற்றுப் பரல்களிலிருந்து தோரியனைற்று என்னும் புதிய கனிமம் உலகுக்கு அறிமுகமானதில் முதன்மைப் பங்கு அவருடையது. இலங்கையிலிருந்து சென்ற அக்கனிமத்தைக் கொண்டே மறு ஆண்டு இலண்டனில் ஒற்றோ ஹான் ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். கல் நம்முடையது, ஆய்வுகூடமோ அந்நியருடையது.

தோரியனைற்றின் பளிங்கமைப்பு இன்று பெருமதிப்புடையது. யிற்றியம் சேர்த்த சேர்க்கோனியா என்னும் பீங்கானும் அதே அமைப்பைக் கொண்டது. வெப்பமேறியதும் ஒட்சிசன் அயன்கள் அதனூடே நகர்கின்றன. திண்ம ஒட்சைட்டு எரிபொருட்கலம் இவ்வியல்பினாலேயே எரிபொருளிலிருந்து நேரடியாக மின்சாரம் தருகிறது. அத்தகைய கலத்தை 1937 இல் சுவிற்சர்லாந்தில் எமில் பவர் முதன்முதலில் இயக்கிக் காட்டினார்.

அதன் படைகளைச் செய்யும் முறை குயவனின் தொழிலுக்கு வெகு தூரமானதன்று. நுண்தூளைப் பசையுடன் குழம்பாக்கி, அலகினால் மென்படலமாக இழைத்து, உலர்த்தி, ஏறத்தாழ 1400 பாகை செல்சியசில் சுடுகின்றனர். நடுப்படை ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு தடிப்பிலும் அமையலாம். அதில் வாயு கசியும் துளை இருத்தலாகாது. இருபுறத்து மின்வாய்களிலோ துளைகள் இருந்தேயாக வேண்டும்.

கனிமம் தேடிக் கிராமங்கள்தோறும் நடந்த குமாரசுவாமி, இறக்குமதிப் பண்டங்களால் உள்ளூர்க் கைத்தொழில்கள் அழிவதைக் கண்டு மனம் நொந்தார். அந்நோவே அவரைக் கலைகளின்பால் திருப்பியது. 1908 இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1917 இல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சேர்ந்து, 1947 செப்டெம்பர் 9 ஆம் திகதி அமெரிக்காவில் மறைந்தார்.

அவரை வருத்திய நிலை முற்றாக மாறிவிட்டதாக நமக்குத் தோன்றவில்லை. முஸ்லிம்களும் தமிழர்களும் அண்டி வாழும் கிழக்கில், புல்மோட்டைக் கரையில், சேர்க்கோனியாவின் மூலமான சேர்க்கோன் மணல் குவிந்து கிடக்கிறது. பல தசாப்தங்களாக அது பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறி வந்துள்ளது. அதைத் தூளாக்கி, படலமாக்கி, சுட்டெடுக்கும் அறிவை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்கின் கல்விக்கூடங்களிலும் பயிலும் நம் பிள்ளைகள் பெற வேண்டும். குமாரசுவாமிக்கு நாம் சிலை எழுப்புவதினும் ஒரு சூளை எழுப்புவதே தக்க நினைவுச் சின்னமாகும்.