பாழ்க்கோட்டையின் நிலவு

இருபத்து மூன்று ஆண்டுகளும் பத்துத் திங்களும்! டாக்கி ரென்டாரோ இவ்வுலகில் வாழ்ந்த காலம் அவ்வளவுதான். நம்மில் பலர் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இனி என்ன செய்வது என்று மயங்கி நிற்கும் வயதில், அவர் தம் பணியை முடித்துக்கொண்டு போய்விட்டார். நம் பாரதியாரைவிட மூன்றே ஆண்டுகள் மூத்தவர். ஆனால் பாரதியாருக்குக் கிடைத்த குறுகிய ஆயுள்கூட அவருக்குக் கிட்டவில்லை. எனினும் ஜப்பானில் அவருடைய பாட்டைப் பாடாமல் பள்ளிப் பருவத்தைக் கடந்தவர் மிக அரியர்.

இவரைப்பற்றி எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. சைனிக்புரியிலிருந்து நாள்தோறும் பேருந்தேறி வரும் நம் மன்றத்து நண்பர் ஒருவரின் தங்கை படிக்கும் பள்ளியில் கலைவிழாவாம். ஜப்பானியப் பாடல் ஒன்று வேண்டும், அது கேட்போர் உள்ளத்தை உருக்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லிவிட்டாராம். எதைத் தேர்வது? சைனிக்புரி படைவீரர்களுக்கென எழுந்த குடியிருப்பு என்பதை அதன் பெயரே சொல்லும். அரங்கின் முன்வரிசையில் ஓய்வுபெற்ற படையினர் பலர் அமர்ந்திருப்பர். அவர்கள் முன்னிலையில், பொருள் அறியாப் பிள்ளைகள் ஏதோ ஓர் இனிய மெட்டை ஒப்பித்துவிட்டு இறங்குவது முறையாகுமா? என் நெஞ்சு உடனே நாடியது ‘கோஜோ நோ ட்சுகி’ என்னும் பாடலைத்தான். பாழ்பட்ட கோட்டையின் நிலவு என்பது அப்பெயரின் பொருள். அதற்கு இசை தந்தவரே ரென்டாரோ.

1879-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-இல் தோக்கியோவில் பிறந்தார். ஹிஜி என்னும் சிற்றரசில் வழிவழியாக அமைச்சுப் பணி செய்த சாமுராய்க் குடி அவருடையது. சிற்றரசுகளை 1871-இல் புதிய அரசு ஒழித்துவிட்டது. வாளேந்திய குடும்பங்கள் எழுதுகோலேந்தத் தொடங்கின. தந்தையார் அரசு அலுவலர். அவருக்கு மாற்றல் வரும்போதெல்லாம் குடும்பமும் பெட்டி கட்டியது. யோக்கோஹாமா, தோயாமா, பிறகு கியூஷூ தீவிலுள்ள தாக்கேத்தா. இத்தாக்கேத்தாவில்தான் ஓக்கா கோட்டை இருக்கிறது. இருக்கிறது என்பதைவிட இருந்தது என்பதே பொருந்தும். ரென்டாரோ பிறக்குமுன்பே கட்டடங்களை இடித்துவிட்டனர். மலைமேல் கருங்கல் மதில்கள் மட்டுமே எஞ்சின. அம்மதில்கள் அவர் சிறுவனாகத் திரிந்த இடம்.

இசை படிக்க வேண்டும் என்று மகன் சொன்னபோது தந்தை இசையவில்லை. அக்காலத்து அலுவலர் வீட்டில் அது வியப்பன்று. இக்காலத்தும் வியப்பன்று என்பதை நம்மில் சிலர் அறிவோம்! கட்டடக் கலைஞராயிருந்த ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் பரிந்து பேசித் தந்தையின் மனத்தை மாற்றினார். 1894-இல், பதினைந்தாம் வயதில், தோக்கியோ இசைப்பள்ளியில் ரென்டாரோ சேர்ந்தார். 1898-இல் தேர்ச்சி பெற்று, அங்கேயே மேற்பயிற்சி பெற்றுக்கொண்டு பியானோ கற்பிக்கவும் செய்தார்.

அந்நாளில் ஜப்பானியப் பள்ளிகளில் என்ன பாடினர் தெரியுமா? 1880-இல் அமெரிக்காவிலிருந்து மேசன் என்னும் ஆசிரியரை வரவழைத்துப் பள்ளிப் பாட்டுநூல்களைத் தொகுத்தனர். அவற்றில் பல பாடல்களுக்கு மெட்டு மேலைநாட்டுடையது. சொல் மட்டுமே ஜப்பானியம். பள்ளி நிறைவுநாளில் ஜப்பானியர் இன்றும் கண்ணீர் மல்கப் பாடும் பாட்டொன்று ஸ்காத்லாந்து நாட்டு மெட்டில் அமைந்ததே. வேற்று மெட்டுக்குள் தாய்மொழியைத் திணித்தால் சொல்லும் நோகும், இசையும் நோகும். இக்குறை ரென்டாரோவின் உள்ளத்தை உறுத்தியது. ‘நான்கு பருவங்கள்’ என்னும் தம் பாடல் தொகுதியை 1900-இல் வெளியிட்டபோது, அதன் முன்னுரையிலேயே இதை எடுத்துச் சொல்லி, சொல்லோடு ஒட்டிப் பிறந்த இசையைத் தருவதே தம் நோக்கம் என்றார். அத்தொகுதியின் முதற்பாட்டு, இளவேனிலில் சுமிதா ஆற்றின் அழகைப் பாடும் ‘ஹானா’. இரு குரல் சேர்ந்து பாடுவது. விழா மகிழ்ச்சியாக முடிய வேண்டுமானால் அதைப் பாடலாம். உருக்கம் வேண்டுமானால் அது போதாது.

இதன்பின் இசைப்பள்ளி, நடுநிலைப் பள்ளிகளுக்கென ஒரு பாட்டுநூலைத் தொகுக்க முற்பட்டது. புலவர்களிடம் பாடல்களை வாங்கி, மெட்டுக்குப் போட்டி வைத்தது. ரென்டாரோ மூன்று பாடல்களுக்கு மெட்டனுப்பினார், மூன்றும் தேர்வாயின. அவற்றுள் ஒன்றே நாம் பேசும் பாட்டு. நூல் 1901-இல் வெளிவந்தது. பாடலை எழுதியவர் செந்தாய் நகரத்துப் புலவர் தோயி பான்சுய். அவர் நினைவில் நின்றவை வடநாட்டுக் கோட்டைகள். இசையமைத்தவர் நினைவில் நின்றதோ தெற்கே ஓக்கா கோட்டை. ஒருவரையொருவர் கண்டறியாத இருவர், வெவ்வேறு இடிபாடுகளை எண்ணி, ஒரே பாட்டை ஆக்கினர்!

நான்கு பகுதிகள் கொண்ட பாட்டு அது. பூக்கள் மலர்ந்த வேனிலிரவில் கோட்டைக்குள் நடந்த விருந்து முதலில் வருகிறது. அடுத்தது பனி படர்ந்த கூதிர்காலப் பாசறை. பிறகு அதே நிலவு ஆளற்ற மதில்மேல் காய்கிறது. கொடிகள் படர்ந்திருக்கின்றன, காற்று மட்டும் பாடுகிறது. வெற்றி முழக்கமும் இல்லை, பகைவர்மேல் வசையும் இல்லை. படையினர் முன்னிலையில் பாடத்தக்கது என்று நான் துணிவதற்குக் காரணம் இதுதான். பறம்பையும் தந்தையையும் இழந்த பாரிமகளிர் நிலவை நோக்கிப் பாடிய புறநானூற்றுப் பாட்டைப் படித்த நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. 1687-இல் வீழ்ந்த கோல்கொண்டாவின் மதில்களை முழுநிலா நாளில் கண்டு வந்த ஐதராபாத்துப் பிள்ளைகளுக்கும் அப்படியே.

நூல் வெளிவந்த சில நாட்களில், 1901 ஏப்ரலில், அரசின் உதவித்தொகை பெற்று அவர் செருமனிக்குக் கப்பலேறினார். மெண்டல்சன் நிறுவிய லைப்சிக் இசைக்கல்லூரியில் இடம் கிடைத்தது. சேர்ந்து இரண்டு திங்கள் ஆகுமுன்னே நோய் பற்றியது. காசநோய்! அந்நாளில் அதற்கு மருந்தேது? மருத்துவமனையில் கிடந்தார், 1902-இல் தாயகம் திரும்பும்படி ஆணை வந்தது. திரும்பும் வழியில் கப்பல் இலண்டனுக்கருகில் தில்பரித் துறையில் நின்றது. அப்போது இங்கிலாந்தில் இருந்த தோயி பான்சுய், நோயுற்ற இளைஞரைக் காணக் கப்பலுக்கே வந்தார். சொல் தந்தவரும் இசை தந்தவரும் சந்தித்தது அந்த ஒருமுறைதான்.

பெற்றோர் வாழ்ந்த ஓயித்தா நகரில் 1903 ஜூன் 29-இல் அவர் உயிர் நீத்தார். பிப்ரவரியில் எழுதி முடித்த ஒரு பியானோ இசையே கடைசிப் படைப்பு. ஆறாத மனக்குறை என்று அதற்குப் பெயர். நோய் தொற்றும் என்றஞ்சி அவருடைய கையெழுத்துப்படிகளுள் பலவற்றை எரித்துவிட்டனர். எரிந்தவற்றில் என்னென்ன இருந்தனவோ!

பாடப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். இன்று எங்கும் ஒலிப்பது அவர் எழுதிய வடிவம் அன்று. அவர் பக்க இசையின்றி வெறும் மெட்டாகவே எழுதினார். 1917-இல் யாமாதா கோசாக்கு என்னும் இசைப்புலவர் அதற்குப் பியானோ சேர்த்து, நடையைத் தாழ்த்தி, சுருதியை மாற்றினார். அதோடு, முதலடியில் விருந்தைக் குறிக்கும் இடத்தில் ரென்டாரோ அரைச்சுரம் உயர்த்தியிருந்த ஒரு சுரத்தையும் இறக்கிவிட்டார். அந்த ஒரு சுரம் மேலேறும்போது நெஞ்சில் முள் தைப்பதுபோல் இருக்கும். இறக்கியபின் பாட்டு அமைதியாக ஓடுகிறது. யாமாதாவின் வடிவம் அழகானது, மறுக்கவில்லை. ஆயினும் பிள்ளைகள் பாட வேண்டியது பழைய வடிவத்தையே என்பேன். பியானோ தேட வேண்டாம். தம்பூரா சுருதி ஒன்றே போதும்.

அமெரிக்க ஜாஸ் கலைஞர் தெலோனியஸ் மங்க் 1967-இல் வெளியிட்ட இசைத்தட்டில் இம்மெட்டை வாசித்தார். அதற்கு அவர் கொடுத்த பெயர் ஜப்பானிய நாட்டுப்பாடல் என்பது. ஆக்கியோன் பெயர் மறைந்து மெட்டு ஊர்ச் சொத்தாகிவிட்டது. தாக்கேத்தா மக்கள் மட்டும் பெயரை மறக்கவில்லை. ஓக்கா கோட்டையில் 1950-இல் அவருக்குச் சிலை வைத்தார்கள்; அதைச் செதுக்கிய அசாக்குரா பூமியோ அதே ஊர்ப் பள்ளியில் அவருக்குப் பின் படித்தவர். அவ்வூர் நிலையத்தில் வண்டி வந்து நிற்கும்போது மணிக்குப் பதிலாக இப்பாட்டையே ஒலிக்கச் செய்திருக்கிறார்கள்.