தொப்பி அணிந்த மனிதர்: ஓவியர் கே. ராமானுஜம்

தம் உருவத்தைத் தாமே வரைய அமரும் ஓவியர் முதலில் கண்ணாடியைத் தேடுவார். ராமானுஜம் தேடியது ஒரு தொப்பியை. கண்ணாடி காட்டிய ஆளை ஊரார் ஏற்கெனவே பார்த்துச் சிரித்து முடித்திருந்தனர்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னையில் பிறந்தவர். பேச்சு எளிதில் வராது. பள்ளிப் படிப்பும் கைகூடவில்லை. மந்தபுத்தி என்றே மற்றவர்கள் முடிவு கட்டினர். கை மட்டும் ஓயாமல் வரைந்துகொண்டிருந்தது. சென்னைக் கலைத் தொழிற்பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் அந்தக் கையைக் கண்டுகொண்டு அவரை மாணவராகச் சேர்த்துக்கொண்டார். சான்றிதழைப் பார்த்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையே இருந்திராது.

1966-இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானது. பாத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் விற்றுச் சேர்த்த பணத்தில் ஓவியர்கள் நிலம் வாங்கிக் குடியேறிய இடம் அது. ராமானுஜமும் அங்கே சென்று சேர்ந்தார். சென்னை கன்னிமாரா ஓட்டலுக்காகப் பெரிய சுவரோவியம் தீட்டியதும் இக்காலத்தை ஒட்டியதே. எனினும் அவருடைய உயிர் மூச்சு தாளும் பேனாவும் மையும்தான்.

அந்த மைக்கோட்டு ஓவியங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மயிரிழை போன்ற கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, தாளில் மூச்சுவிட இடமின்றி நிறைந்திருக்கும். தேர்போல் அடுக்கடுக்காக எழும் மாளிகைகள், நெளியும் நாகங்கள், விசித்திர விலங்குகள், சிறகு முளைத்த பெண்கள். அம்புலிமாமா இதழின் சித்திரங்களையும் 1957-இல் வந்த மாயாபஜார் போன்ற படங்களின் அரண்மனைகளையும் கண்டு வளர்ந்த தலைமுறைக்கு அவ்வுலகம் அந்நியமாகத் தோன்றாது. இத்தனைக்கும் நடுவே, தொப்பி அணிந்த ஒரு மனிதர். அவர்தான் ராமானுஜம். சில ஓவியங்களில் அவருக்காகப் பெண்கள் காத்திருக்கிறார்கள். சிலவற்றில் அவ்வளவு கூட்டத்திலும் அவர் தனியாகவே தெரிகிறார்.

நம் வட்டத்துக் கூட்டமொன்றில் இவ்வோவியங்களின் அச்சுப் பிரதிகளைக் காட்டியபோது, இது வாழ்விலிருந்து தப்பியோடும் கலை என்று நண்பர் ஒருவர் கடிந்துரைத்தார். வாட்டத்தை வாட்டமாகவே வரைவதுதான் நேர்மை என்பது அவர் கட்சி. அன்று எனக்கு உடனே மறுமொழி தோன்றவில்லை. பின்னரே நினைவுக்கு வந்தது: தன்னுருவ ஓவியத்தின் பேராசான் ரெம்பிராண்ட் 1630-இல் கண்ணாடி முன் நின்று, தொப்பி அணிந்து, விழிகளை அகல விரித்து வியப்பை நடித்தே தம் முகத்தைச் செதுக்கியிருக்கிறார். 1889-இல் வான்கோ, காதறுந்த காயத்தின் கட்டை மறைக்காமல் வரைந்தபோதும் தலையில் உரோமத் தொப்பி இருந்தது. வேடமும் காயமும் ஒரே முகத்தில் இருக்க இடமுண்டு.

ராமானுஜம் மாற்றியது உடையைத்தான், ஆளை அல்ல. தொப்பிக்குக் கீழே இருப்பவர் கந்தர்வனல்லர், அடையாளம் தெரிகிற அதே மனிதர். அவர் கேட்டதெல்லாம் இந்த உருவத்தோடேயே தமக்கு ஒரு மாளிகையும் துணையும் மதிப்பும் வேண்டும் என்பதுதான். இதைத் தப்பியோடல் என்று என்னால் கொள்ள முடியவில்லை. சிப்காட் வாயிலில் எண்ணிட்ட அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி உள்ளே செல்லும் நம் கவிஞர்கள் இதை எளிதில் உணர்வார்கள். அட்டையில் இருப்பதும் நம் முகந்தான். அதை வைத்து எவரும் நம்மைக் கவிஞர் என்று சொல்லிவிட மாட்டார்.

1973-இல், முப்பது வயதைச் சற்றே கடந்த நிலையில், அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். நோயும் தனிமையும் காரணம் என்று பேசப்படுகிறது. அந்த முடிவைக் கொண்டு ஓவியங்களுக்குப் பொருள் சொல்லும் வழக்கம் எனக்கு உவப்பானதன்று. ஒரு மாளிகையின் ஒவ்வொரு தூணையும் ஆயிரம் கோடுகளால் நிறுத்திய கையில் பொறுமை இருந்தது, ஆசையும் இருந்தது.

பிற்காலத்தில் சி. மோகன் அவர் வாழ்வைத் தழுவி விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம் என்னும் நாவலை எழுதினார். சொல் வராதவரைச் சொல்லால் வரைந்த முயற்சி அது; நம் நூலகத்தில் அதற்கு இடமளிக்க வேண்டும். சோழமண்டலத்தில் 2009 முதல் ஒரு கலைக்கூடம் இயங்கிவருகிறது. ஓசூரிலிருந்து இரவுப் பேருந்து ஏறினால் விடியலில் சென்னை. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிறு தொலைவு. அடுத்த ஆண்டுப் பயணத்துக்கு இதையே முன்மொழிகிறேன். கடிந்துரைத்த நண்பரையும் கட்டாயம் அழைத்துச் செல்ல வேண்டும்.