ஒலிம்பிக்கை விட்டு கிரிக்கெட் கப்பல் ஏறியவர்: யார் இந்த எம்.ஜே.கோபாலன்?

1936 ஆகஸ்ட் 15. பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி இறுதிப்போட்டியில் ஜெர்மனியை 8-1 என்று நொறுக்கி தங்கம் வென்றது தியான் சந்த் தலைமையிலான இந்திய அணி. அதே நாளில் லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியா - இங்கிலாந்து மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. அந்த 11 பேரில் கோபாலன் இல்லை. ஹாக்கி, கிரிக்கெட் இரண்டையும் கையில் வைத்திருந்தவர், அன்று இரண்டு மைதானத்திலும் இல்லை!

இனிஷியலில் ஒரு ஊர்

'எம்' என்பது மொரப்பாக்கம். திண்டிவனத்துக்கு வடக்கே, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் கிராமம். 1909-ல் அங்கே பிறந்த கோபாலன் வளர்ந்தது சென்னை திருவல்லிக்கேணியில். அவரது வேகப்பந்து வீச்சை அடையாளம் கண்டவர், அன்றைய மெட்ராஸ் கிரிக்கெட்டின் பெரிய புள்ளியான சி.பி.ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது.

ஏறுமுகம்

1934 ஜனவரியில் கொல்கத்தா ஈடன் கார்டனில், ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் அறிமுகம். கிடைத்தது ஒரே விக்கெட். அதே ஆண்டு நவம்பர் 4-ம் தேதி சேப்பாக்கத்தில் மெட்ராஸ் - மைசூர் மோதல். ரஞ்சி கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் கோபாலன்தான். ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் எடுக்க, ஒரே நாளில் ஆட்டம் முடிஞ்சுபோச்சு. 1935-ல் தியான் சந்த்துடன் ஹாக்கி அணியில் நியூசிலாந்து சுற்றுப்பயணம். அங்கே சென்டர் ஹாஃப் இடத்தில் முத்திரை பதித்தார்.

திசை மாறிய ஆண்டு

1936 கோடையில் ஒலிம்பிக்கும் இங்கிலாந்து கிரிக்கெட் பயணமும் ஒன்றாக வந்தன. ரெண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஹாக்கி தேர்வுக்குப் போகாமல் கிரிக்கெட் அணியோடு கிளம்பினார் கோபாலன்.

விஜயநகரம் மகாராஜ்குமார் கேப்டனாக இருந்த அந்தப் பயணம் முழுக்கக் கோஷ்டிப் பூசல். லாலா அமர்நாத் பாதியிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். வேகப்பந்து வீச்சில் நிசார், அமர்சிங், ஜஹாங்கீர் கான் என்று வரிசை கட்டி நின்றதால் கோபாலனுக்கு ஒரு டெஸ்டில்கூட இடமில்லை. தொடரையும் இந்தியா 0-2 என இழந்தது. அதன்பிறகு அவர் டெஸ்ட் ஆடவே இல்லை. அடுத்த ஒலிம்பிக் நடந்தது உலகப்போர் முடிந்து, 1948-ல்தான். அப்போது அவருக்கு வயது 39.

விழுந்தவர் ஓயவில்லை

தேசிய அணிக் கதவு மூடினாலும், 1950-களின் தொடக்கம் வரை மெட்ராஸுக்காக ஆடினார். பிறகு தேர்வாளராகவும் இருந்தார். மெட்ராஸும் இலங்கையும் மோதும் ஆண்டுப் போட்டி 1952-53-ல் தொடங்கியபோது, அதற்கு வைத்த பெயர் கோபாலன் கோப்பை. பல ஆண்டுகள் அது நடந்தது.

2003 டிசம்பரில், 94 வயதில் சென்னையில் காலமானார். அப்போது உலகிலேயே மூத்த டெஸ்ட் வீரர் அவர்தான். ஆடிய டெஸ்ட் ஒன்று, எடுத்த விக்கெட் ஒன்று. ஆனால் ரஞ்சி கோப்பையின் முதல் பந்து என்றைக்கும் அவர் கணக்கில்தான்.