காசநோய் என்றதும் காலி பண்ணச் சொன்ன தீவு... பியானோ மேதை ஷோபானின் 98 நாள்கள்!

மயோர்கா என்றாலே இன்று நீலக் கடல், வெயில், ஹனிமூன் ஜோடிகள்தான் ஞாபகத்துக்கு வரும். ஸ்பெயினுக்குச் சொந்தமான இந்த மத்தியதரைக்கடல் தீவில் 1838 நவம்பர் 8-ம் தேதி ஒரு ஜோடி வந்து இறங்கியது. அவர் 28 வயது பியானோ கலைஞர். அவரைவிட ஆறு வயது மூத்த அந்தப் பெண், பாரிஸே பேசிக்கொண்டிருந்த நாவலாசிரியர். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. கூடவே அந்தப் பெண்ணின் 15 வயது மகனும் 10 வயது மகளும்.

குளிர்காலத்தை ஜாலியாக வெயிலில் கழிக்கலாம் என்று வந்தவர்கள், 98 நாள்களில் பன்றிகள் ஏற்றிய கப்பலில் திரும்பிப் போனார்கள். என்னதான் நடந்தது?

யார் இந்த ஷோபான்?

ஃபிரடெரிக் ஷோபான் 1810-ல் போலந்தின் வார்சா அருகே பிறந்தவர். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா போலந்துக்காரர். 20 வயதில் கச்சேரி செய்ய வெளிநாடு கிளம்பினார். கிளம்பிய சில வாரங்களிலேயே ரஷ்ய ஆட்சிக்கு எதிராக வார்சாவில் கிளர்ச்சி வெடித்தது. அது நசுக்கப்பட, அவர் அப்படியே பாரிஸில் தங்கிவிட்டார். அதன்பிறகு சாகும்வரை சொந்த மண்ணை மிதிக்கவே இல்லை.

பாரிஸில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு பியானோ டியூஷன் எடுத்துத்தான் சம்பாதித்தார். பெரிய அரங்கில் வாசிப்பதென்றால் அவருக்கு அலர்ஜி. மரியா என்ற போலந்துப் பெண்ணுடன் நிச்சயமான கல்யாணமும் 1837-ல் நின்றுபோனது.

அதற்கு முந்தைய வருடமே ஒரு விருந்தில் அறிமுகமானவர்தான் ஜார்ஜ் சாண்ட். பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்துவிட வேண்டாம். நிஜப் பெயர் அரோர். கணவரைப் பிரிந்தவர், பேன்ட் போடுவார், சுருட்டு பிடிப்பார். முதல் சந்திப்பில் ஷோபானுக்கு அவரைப் பிடிக்கவே இல்லையாம். ஆனால் 1838 கோடையில் இருவரும் காதலர்கள். சாண்டின் முன்னாள் காதலர் ஒருவர் பொறாமையில் கொதித்துக்கொண்டிருந்தார். மகனுக்கு மூட்டுவலி, ஷோபானுக்கு விடாத இருமல். பாரிஸைவிட்டுக் கொஞ்ச நாள் தள்ளி இருக்க இந்தக் காரணங்களே போதும்.

ஊர் வாய்க்கு அவல் கொடுக்கக்கூடாதே! தனித்தனியாகக் கிளம்பி பிரான்ஸின் தெற்கு எல்லையில் சேர்ந்துகொண்டார்கள். அங்கிருந்து கப்பலில் பார்சிலோனா, பிறகு மயோர்காவின் தலைநகர் பால்மா.

முதல் வாரம் சொர்க்கம்

பனைமரம், எலுமிச்சை, டிசம்பர் நெருங்கியும் வெயில் என்று நண்பர்களுக்குக் கடிதம் எழுதித் தள்ளினார் ஷோபான். பால்மாவில் தங்க நல்ல அறைதான் கிடைக்கவில்லை. ஒருவழியாக ஊருக்கு வெளியே ஒரு வீடு அமைந்தது.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. வீடு முழுக்க ஈரம். கரி அடுப்பின் புகையில் ஷோபானின் இருமல் அதிகமானது. மூன்று மருத்துவர்கள் வந்து பார்த்தார்கள். அவர்கள் ஆளுக்கொரு விதமாகத் தனக்குச் சாவு நாள் குறித்ததை அவரே கடிதத்தில் கிண்டலடித்திருக்கிறார்.

விஷயம் கிண்டலோடு முடியவில்லை. எலும்புருக்கி நோய் என்ற பேச்சு பரவியதுமே வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். சுவருக்குப் புதுசாக வெள்ளையடிக்கவும், எரிக்க வேண்டிய கட்டிலுக்கும் காசு கேட்டார். கொடுமைதான். ஆனால் ஸ்பெயினில் அப்போது அதுதான் சட்டம். காசநோய் தொற்றும், நோயாளி பயன்படுத்திய பொருள்களை எரிக்க வேண்டும் என்ற விதி அங்கே 18-ம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. பாரிஸ் மருத்துவர்களோ அதைப் பரம்பரை நோய் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். தீவுக்காரர்களைக் காட்டுமிராண்டிகள் என்றே நினைத்தார் சாண்ட். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடித்து அறிவித்தது 1882-ல். அந்த விஷயத்தில் சரியாக இருந்தது தீவுக்காரர்கள்தான்!

மடாலயத்தில் ஒரு குடித்தனம்

டிசம்பர் 15-ல் மலைமேல் இருக்கும் வால்டெமோசா மடாலயத்துக்குக் குடிபோனார்கள். துறவிகளை மூன்று வருடம் முன்புதான் அரசு வெளியேற்றியிருந்தது. காலியான அறைகள் வாடகைக்குக் கிடைத்தன. தன் அறை சவப்பெட்டி மாதிரி இருக்கிறது என்று எழுதினார் ஷோபான்.

சர்ச்சுக்கு வராத, தாலி கட்டாத ஜோடி. கிராமத்தினர் பால், முட்டைக்கெல்லாம் இஷ்டத்துக்கு விலை சொன்னார்கள். வேறு வழியில்லாமல் சாண்ட் சொந்தமாக ஆடு வாங்கினார். பகலில் சமையல், பிள்ளைகளுக்குப் பாடம், நோயாளிக்குப் பணிவிடை; ராத்திரியில் நாவல். இந்த ட்ரிப்பில் யாருக்கு நிஜமாகவே லீவு இல்லை என்றால், அது இவருக்குத்தான்.

பாரிஸிலிருந்து அனுப்பிய பிளெயல் பியானோ பால்மா சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. பேரம் பேசி சுமார் 300 பிராங்க் கட்டி வெளியே எடுப்பதற்குள் ஜனவரி பாதி ஓடிவிட்டது. அதுவரை உள்ளூரில் கிடைத்த சுமாரான பியானோதான். அதை வைத்தே, 24 சின்னச் சின்னத் துண்டுகள் கொண்ட ‘பிரெலூட்’ தொகுப்பை முடித்தார். அதற்கு அவருக்குப் பேசிய தொகை 2,000 பிராங்க்.

புயல் மழையில் சாண்டும் மகனும் பால்மாவிலிருந்து லேட்டாகத் திரும்பிய ராத்திரி, அவர்கள் செத்துவிட்டதாகவே நினைத்து அழுதபடி வாசித்துக்கொண்டிருந்தாராம் ஷோபான். மழைத்துளி சத்தம் இசையில் கேட்கிறதே என்று சாண்ட் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சத்தத்தைக் காப்பியடிப்பது என்ன இசை என்பது அவர் கட்சி. இருந்தும் 15-வது துண்டுக்கு ‘மழைத்துளி’ என்றே உலகம் பெயர் வைத்துவிட்டது.

பன்றிகளோடு ஒரு ராத்திரி

பிப்ரவரி 13-ல் தீவைவிட்டுக் கிளம்பினார்கள். அந்தக் கப்பல் முக்கியமாகப் பன்றி வியாபாரத்துக்காக ஓடியது, மனிதர்கள் எல்லாம் அப்புறம்தான். எப்படியும் எரிக்கப்போகிறோம் என்று இருப்பதிலேயே மட்டமான படுக்கையை ஷோபானுக்குக் கொடுத்தார்கள். பார்சிலோனா வருவதற்குள் ரத்தமாகக் கொட்டியது. பிரெஞ்சுக் கப்பல் மருத்துவர் ஒருவர்தான் காப்பாற்றினார்.

மார்செயில் சில மாதம் ஓய்வு. தேறியதும் இருவரும் ஜெனோவாவுக்கும் போய்வந்தார்கள். இந்தப் பயணத்தில் நிம்மதியாக அமைந்தது அதுதான்.

பிறகும் எட்டு வருடம் சேர்ந்திருந்தார்கள். கோடையானால் நோஹான் கிராமத்தில் சாண்டின் வீட்டில் வாசம். அவரின் மிகச்சிறந்த படைப்புகள் பலவும் அங்கே பிறந்தவைதான். 1847-ல் சாண்டின் மகள் கல்யாணத்தை ஒட்டி வந்த சண்டையில் ஷோபான் மகள் பக்கம் நிற்க, உறவு முறிந்தது. அடுத்த மார்ச்சில் ஒரு வீட்டு வாசலில் எதிர்ப்பட்டபோது, நீங்கள் பாட்டி ஆகிவிட்டீர்கள் என்ற தகவலைச் சொன்னார். அதுவே கடைசிச் சந்திப்பு.

1849 அக்டோபர் 17-ல் பாரிஸில் ஷோபான் இறந்தார். வயது 39. உடல் பாரிஸில் அடக்கம் செய்யப்பட்டது. இதயத்தை மட்டும் மதுவில் ஊறவைத்து வார்சாவுக்குக் கொண்டுபோனார் அக்கா லுட்விகா. எதனால் இறந்தார் என்ற சர்ச்சை ரொம்பக் காலம் ஓடியது. அந்த ஜாடியைத் திறக்காமலே 2014-ல் பரிசோதித்தார்கள் நிபுணர்கள். காசநோய் இதய உறையைத் தாக்கியதுதான் பெரும்பாலும் காரணம் என்று 2017-ல் அறிவித்தார்கள்.

அப்போ அந்த பியானோ? கிளம்பும்போது பால்மாவின் ஒரு வங்கியாளர் குடும்பத்துக்கு விற்றுவிட்டார்கள். மடாலயத்தில் ஷோபானின் அறை எது, பியானோ எது என்று இரண்டு குடும்பங்களுக்கு இடையே பல வருடச் சண்டை. 2011-ல் கோர்ட் தலையிட்டது. 2-ம் எண் அறையில் காட்டப்பட்ட பியானோ, ஷோபான் வந்துபோன காலத்துக்குப் பிறகு செய்யப்பட்டது என்று தீர்ப்பானது. சுங்கத்தில் மாட்டிய அசல் பிளெயல், 4-ம் எண் அறையில் இருக்கிறது. டிக்கெட் வாங்கினால் பார்க்கலாம்.