ராபர்ட் பாரானி

ராபர்ட் பாரானி (ஏப்ரல் 22, 1876 – ஏப்ரல் 8, 1936) ஆஸ்திரியாவில் பிறந்த காது மருத்துவர் ஆவார். உடலின் சமநிலையைக் காக்கும் உள்காது உறுப்பின் செயற்பாட்டையும் நோய்களையும் ஆராய்ந்தமைக்காக 1914 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்.

இளமை

வியன்னாவில் யூதக் குடும்பமொன்றில் ஆறு குழந்தைகளுள் மூத்தவராகப் பிறந்தார். சிறுவயதில் ஏற்பட்ட எலும்புக் காசநோயால் இவரது முழங்கால் நிலையாக விறைத்துப் போனது. 1900 இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற இவர், 1903 முதல் ஆடம் பொலிட்சரின் காது மருத்துவமனையில் பணியாற்றினார்.

வெப்பச் சோதனை

காதை நீர் பாய்ச்சிக் கழுவும்போது நோயாளிகள் சிலருக்குத் தலைசுற்றுவதையும், விழிகள் தாமாகவே துடிப்பதையும் பாரானி கண்டார். நீர் போதிய சூடின்றி இருந்ததே காரணம் என ஒரு நோயாளி கூற, அடுத்த முறை சூடான நீரைப் பயன்படுத்தினார். அப்போதும் தலைசுற்றியது, ஆனால் விழித்துடிப்பின் திசை மாறியிருந்தது.

உள்காதின் அரைவட்டக் கால்வாய்களில் திரவம் நிறைந்துள்ளது. சூடேறிய திரவம் மேலெழும், குளிர்ந்தது கீழிறங்கும். இவ்வோட்டத்தை மூளை தலையின் சுழற்சியாகக் கொள்கிறது என்று அவர் விளக்கினார். துடிப்பு தோன்றாவிடின் அக்காதின் சமநிலை உறுப்பு பழுதடைந்திருக்கலாம். இவ்வாறு ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதிக்க வழி பிறந்தது. 1983 இல் ஸ்பேஸ்லாப்-1 விண்வெளி ஆய்வகத்தில், எடையற்ற நிலையிலும் இத்துடிப்பு தோன்றியது. எனவே திரவ ஓட்டம் மட்டுமே காரணமன்று எனத் தெரியவந்தது. எனினும் சோதனை இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

சிறைவாசமும் நோபல் பரிசும்

முதல் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய பாரானி, 1915 இல் பிசெமிசில் கோட்டை வீழ்ந்தபோது உருசியரிடம் சிறைப்பட்டார். மேர்வ் (இன்றைய துருக்மெனிஸ்தான்) முகாமில் இருந்தபோதே பரிசுச் செய்தி அவரை எட்டியது. சுவீடன் இளவரசர் கார்ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் மேற்கொண்ட முயற்சியால் 1916 இல் விடுதலையாகி, ஸ்டாக்ஹோமில் பரிசைப் பெற்றார்.

வியன்னா திரும்பியபோது, பிறரது பங்களிப்பை அவர் போதிய அளவு குறிப்பிடவில்லை எனச் சக மருத்துவர்கள் குற்றஞ்சாட்டினர். மனம் கசந்த பாரானி 1917 இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சுவீடிய மருத்துவர்கள் பின்னர் அவருக்கு ஆதரவாகக் குற்றச்சாட்டுகளை மறுத்தெழுதினர். தம் அறுபதாம் பிறந்தநாளுக்கு இரு வாரங்கள் முன்பு உப்சாலாவில் காலமானார்.

சிகிச்சையில் தாக்கம்

தலையின் நிலை மாறும்போது எழும் தலைசுற்றலைப் பாரானி 1921 இல் விவரித்தார். இதனைக் கண்டறியும் சோதனையை டிக்ஸ், ஹால்பைக் ஆகியோர் 1952 இல் வகுத்தனர். உள்காதிலுள்ள நுண்ணிய சுண்ணக் கற்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் கால்வாயினுள் புகுவதே இதன் காரணம் என இன்று அறியப்படுகிறது. தலையைப் படிப்படியாகத் திருப்பி அவற்றை வெளியேற்றும் முறையை ஜான் எப்லி 1992 இல் வெளியிட்டார். பெரும்பாலான நோயாளிகளுக்கு மருந்தோ அறுவையோ இன்றி இம்முறையில் நிவாரணம் கிடைக்கிறது. 1960 இல் நிறுவப்பட்ட பன்னாட்டுப் பாரானி சங்கம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.