கைவிளக்கு ஏந்திய காரிகை

நம் காரைக்கால் அரசு மருத்துவமனைக்கு உறவினரைப் பார்க்கச் செல்லும்போதெல்லாம், ஓயாது உழைக்கும் செவிலியரைக் காண்கிறோம். தேவதைகள் என்று அவர்களைப் போற்றவும் செய்கிறோம். ஆனால் அவர்கள் சற்றே அமர இடம் உண்டா, இரவுப் பணிக்குப் பின் உறங்க அமைதியான அறை உண்டா என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? அதை அன்றே எண்ணிப் பார்த்தவர்தாம் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

அம்மையார் 1820-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். தாதித் தொழில் இழிவானதாகக் கருதப்பட்ட காலம் அது. பெற்றோர் எவ்வளவோ தடுத்தும் அவர் மனம் மாறவில்லை. 1851-இல் ஜெர்மனியில் பயிற்சி பெற்றார். பாரிஸ் நகரில் பிறரன்புக் கன்னியரின் பணிகளையும் நேரில் கண்டறிந்தார்.

1853-இல் இலண்டனில் பெண்களுக்கான சிறிய மருத்துவமனை ஒன்றின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஒவ்வொரு மாடிக்கும் குழாய் வழியே வெந்நீர் வரவேண்டும், உணவை மேலே கொண்டுவர ஏற்றுப்பொறி வேண்டும், அழைத்த நோயாளி யார் என்று காட்டும் மணி வேண்டும் என்று வற்புறுத்தினார். படியேறி இறங்குவதிலேயே தாதியின் வலிமை தீர்ந்துவிட்டால் நோயாளியை யார் கவனிப்பது என்பது அவர் எண்ணம். கத்தோலிக்கர் உள்ளிட்ட எல்லாச் சமயத்தாருக்கும் அங்கே இடம் வேண்டும் என்பதிலும் உறுதியாக நின்றார்.

கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில் 38 பெண்களுடன் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி சென்றார். அவர்களில் பத்துப் பேர் நம் கத்தோலிக்கக் கன்னியர். அன்னை கிளேர் மூர் அவர்களுள் ஒருவர். நிர்வாகத் திறமையில் தம்மைவிட அன்னையே மேலானவர் என்று அம்மையார் பின்னாளில் மனமாரப் பாராட்டினார். பிறர் திறமையை ஒப்புக்கொள்வதும் தலைமைக்குரிய பண்பன்றோ!

இரவில் விளக்கேந்தி நோயாளிகளைச் சுற்றிவந்த அம்மையாரை உலகம் அறியும். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் வீரர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டுகொண்டே இருந்தனர். கட்டடத்தின் அடியில் கழிவுநீர் தேங்கியிருந்தது; காற்றோட்டம் இல்லை. 1855 மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து சாக்கடைகளைச் சுத்தம் செய்த பின்னரே இறப்பு வெகுவாகக் குறைந்தது. பிற்பாடு கணக்குகளை ஆராய்ந்த அம்மையார், சுகாதாரச் சீர்கேடே பெரும்பாலான உயிர்களைப் பறித்தது என்பதை 1858-இல் வண்ண வரைபடங்களால் விளக்கினார். அன்பு மட்டும் போதாது. பணி செய்யும் இடமும் நலமாக இருக்க வேண்டும் என்பதே அவர் வாழ்வு நமக்குத் தரும் பாடம்.

1860-இல் இலண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பள்ளி தொடங்கியது. முதலில் சேர்ந்தவர் 15 பேர். ஒவ்வொருவருக்கும் தனி அறை, உணவு, சீருடை, ஆண்டுக்குப் பத்துப் பவுன் உதவித்தொகை ஆகியவை கிடைத்தன. இழிவாகக் கருதப்பட்ட தொழில் மதிப்புப் பெற்றது. தான் இல்லாத வேளையிலும் பணி செவ்வனே நடக்க ஏற்பாடு செய்பவரே நல்ல பொறுப்பாளர் என்பது அவர் தம் நூலில் வலியுறுத்திய கருத்து.

இந்திய மண்ணில் அவர் காலடி பட்டதில்லை. எனினும் நம் நாட்டுச் சுகாதாரத்துக்காகப் பல்லாண்டுகள் எழுதினார், வாதாடினார். 1910 ஆகஸ்டு 13-ஆம் நாள், தம் தொண்ணூறாவது வயதில் இறையடி சேர்ந்தார். அவர் பிறந்த நாளே இன்று உலகச் செவிலியர் நாள்.

தோழியரே, நம்மில் சிலர் நாளை செவிலியராவோம். சிலர் பிறரை நடத்தும் பொறுப்பும் ஏற்போம். அன்று நமக்குக் கீழ் உழைப்பவரின் ஓய்வையும் மதிப்பையும் மறவாதிருப்போம். இன்றோ, மருத்துவமனைக்குச் செல்லும்போது செவிலியரிடம் கனிவாகப் பேசுவோம். அம்மையார் ஏற்றிய விளக்கு நம் கைகளிலும் அணையாதிருக்கட்டும்!